2013ஆ, 2017ஆ, 2020ஆ? மாற்றியமைப்பதற்கு எந்த ஆண்டு 3 சீரிஸ் வாங்குவது?

எட்டாம்கியர் | மடிப்பாக்கம் | ஞாயிறு, இரவு 10.42

வணக்கம். நான்கு வருடம் சேர்த்த பணம் 24 லட்சம் கையில் இருக்கிறது. பழைய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஒன்று வாங்கி, அதை என் விருப்பப்படி மாற்றியமைக்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மகிந்திரா சிட்டியில் 2007இல் அந்த ஆலை திறந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. ரயிலில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது, ஆனாலும் பார்ப்பேன்.

மனைவி இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்திருக்கிறாள். 24க்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. பின்னால் குழந்தை இருக்கை பொருத்த இடம் வேண்டும்.

மூன்று கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2013 பதிவு 328ஐ (328i, பெட்ரோல் வகை), அண்ணா நகரில் ஒரு தரகரிடம் நிற்கிறது, 61,000 கி.மீ., பத்தரை லட்சம். இரண்டாவது 2017 330ஐ (330i), இரண்டாவது உரிமையாளர், 48,000 கி.மீ., பத்தொன்பதரை. மூன்றாவது 2020 பதிவு ஜி20, அதாவது அடுத்த தலைமுறை 330ஐ. அதற்கு 33 கேட்கிறார்கள், கடன் வாங்காமல் நடக்காது. ஏக்கத்துக்காகப் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

என் மனம் 2013இல் நிற்கிறது. காருக்குப் பத்தரை போனால் மாற்றங்களுக்குப் பதின்மூன்றரை மிஞ்சும். சஸ்பென்ஷன், பிரேக், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றுவது), சக்கரங்கள் என்று எல்லாமே முடித்துவிடலாம். 2017 வாங்கினால் நாலரைதான். என் கணக்கில் எங்கே ஓட்டை?

ஈசிஆர்_காற்று | நீலாங்கரை | ஞாயிறு, இரவு 11.15

ஓட்டையே இல்லை. 2013ஐ வாங்குங்கள். நான் 2014 328ஐ இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். இரண்டு லிட்டர் டர்போ, ஆலையிலிருந்து வரும்போதே 245 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். மென்பொருளை மட்டும் மாற்றினால் 290ஐ ஒட்டி வந்துவிடும். எட்டு கியர் இசட்.எஃப். கியர்பாக்ஸ் அதைத் தாராளமாகத் தாங்கும். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி விடியற்காலையில் அதை மிதித்துப் பார்த்தவர்கள் 2017ஐப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பணத்தை மாற்றங்களில் போடுங்கள், ஆண்டில் போடாதீர்கள்.

பட்டறைவாசி | அம்பத்தூர் | திங்கள், காலை 6.50

எட்டாம்கியர், கணக்கில் ஓட்டை இருக்கிறது. அது எஞ்சினின் முன்பக்க மூடிக்குப் பின்னால் இருக்கிறது.

328ஐயில் இருப்பது என்20 எஞ்சின். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட்டும் அதன் டைமிங் செயின் ஓடும் பாதையில் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் போட்ட பிளாஸ்டிக், சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி நொறுங்கும் வகை. முதலில் மெல்லிய சீழ்க்கைபோல ஒரு சத்தம், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். பிறகு துண்டுகள் உடைந்து எண்ணெய்த் தொட்டியில் விழும். பம்ப் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்த பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயின் தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இதற்காக நீதிமன்றம் வரை போனார்கள்.

2015 வாக்கில் வழிகாட்டிகளைத் திருத்தினார்கள். நம் ஊரில் கிடைக்கும் 328ஐ பெரும்பாலும் அதற்கு முந்தையது. செயினை முன்பே மாற்றியிருந்தால், பில் இருந்தால், கவலையில்லை. பில் இல்லாமல் "மாற்றியாயிற்று சார்" என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலையும் சின்னதில்லை. முன்மூடி கழற்ற வேண்டும், அடித்தொட்டியை இறக்க, எஞ்சினைத் தாங்கும் முன் சப்ஃபிரேமைத் தாழ்த்த வேண்டும். எண்ணெய்ப் பம்புக்கு ஒரு தனிச் செயின் உண்டு, அதையும் அப்போதே மாற்றுவதுதான் புத்தி.

2016 தொடக்கத்தில் முகம் மாற்றி வந்த கார்களில் பெட்ரோலுக்கு பி48 எஞ்சின். உங்கள் 2017 330ஐயில் இருப்பதும் அதுதான், 252 குதிரைத்திறன். சிலிண்டர்களைச் சுற்றி மேல்பக்கம் மூடிய வார்ப்பு, அழுத்தம் ஏற்றினால் நன்றாகத் தாங்கும். குறையே இல்லையா என்றால் உண்டு. எண்ணெய் வடிகட்டி பொருந்தும் பிளாஸ்டிக் கூடு வயதானால் கசியும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறையும். நம் மே மாத வெயிலில் அந்த வயது சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆனால் அது சில ஆயிரங்களில் இருந்து தொடங்கும் வேலை. எஞ்சின் போகும் வேலை இல்லை.

கணக்குப்பிள்ளை | மேற்கு மாம்பலம் | திங்கள், காலை 8.05

பட்டறைவாசி சொன்னதைத் தாளில் போடுகிறேன்.

2013 காருக்குப் பத்தரை. செயின் வேலை, தண்ணீர்ப் பம்ப், கியர்பாக்ஸ் எண்ணெய், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள், நான்கு டயர், இதெல்லாம் மாற்றம் அல்ல, கடன் தீர்ப்பது. முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்கிறீர்கள். கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு ஆயுள் முழுக்கக் கவலையில்லை என்று கார் கம்பெனிகள் சொல்லும். அந்தக் கியர்பாக்ஸைச் செய்கிற இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. 61,000 ஓடியதாகச் சொல்லும் 2013 காரில், மீட்டர் சொல்வது உண்மைதானா என்பது தனிக் கேள்வி. மூன்றரை, நான்கு லட்சம் அங்கேயே போய்விடும். உங்கள் பதின்மூன்றரை அப்போதே ஒன்பதரை ஆகிவிட்டது.

இன்னொன்று. 2013 பதிவுக்கு ஆர்.சி. 2028இல் முடிகிறது. பதினைந்து வருடம் முடிந்தால் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். ஒன்பது லட்சத்துக்கு மாற்றிய காரை ஆர்.டி.ஓ. மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தும் நாளை நினைத்துப் பாருங்கள்.

முழங்கால்மட்டம் | வேளச்சேரி | திங்கள், பிற்பகல் 1.20

எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் என் பெயருக்குக் காரணமான கதையைச் சொல்கிறேன்.

2017இல் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பதும் யாரிடம் என்பதும் வேண்டாம். 2012 மாடல், பளபளப்பு, உள்ளே ஷாம்பு மணம். அந்த மணத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து ஏர்பேக் விளக்கு எரிந்தது. அடுத்து, மழை நாளில் பின் கண்ணாடி தானாகவே இறங்கியது. மூன்று மெக்கானிக்குகள் மூன்று மின்னணுப் பெட்டிகளை மாற்றினார்கள். நாலாவது ஆள்தான் தரைவிரிப்பைத் தூக்கினார். அடியில் உள்ள பஞ்சு காய்ந்து, வண்டல் படிந்து, பப்படம்போல உடைந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அந்தக் கார் எங்கே நின்றது என்பதை நான் விற்றவரிடம் கேட்கவில்லை.

ஆகவே எட்டாம்கியர், உங்கள் 2013 சென்னைக் காருக்கு இரண்டு தேதிகள் முக்கியம். 2015 டிசம்பர் 1, 2, பெருவெள்ளம். அடுத்தது 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். 2017 காருக்கு இரண்டாவது மட்டும். அன்றைக்கு உரிமையாளர் எங்கே குடியிருந்தார், கார் தரைக்கீழ்த் தளத்தில் நின்றதா, மூன்றாவது மாடியிலா? முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், பள்ளிக்கரணை என்று முகவரி வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானே வேளச்சேரிதான், என் இப்போதைய கார் அன்றைக்கு மேம்பாலத்தின் மேல் நின்றது. ஆனால் கேட்டாக வேண்டும்.

பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் கோடு இருந்தால் அதுவே போதும். இருக்கையைத் தாங்கும் தண்டவாளத்தின் திருகுகளில் துரு. டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில், பேட்டரி இருக்கும் குழியின் மூலைகள். வயர் இணைப்பிகளைக் கழற்றிப் பார்க்க விட்டால் செப்பில் பச்சை பூத்திருக்கிறதா. கழற்ற விடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஈசிஆர்_காற்று | நீலாங்கரை | திங்கள், மாலை 7.30

பயமுறுத்தியே ஒருவரையும் கார் வாங்க விடமாட்டீர்கள் போலிருக்கிறது. என் காரில் செயின் நன்றாகத்தான் இருக்கிறது.

பட்டறைவாசி | அம்பத்தூர் | திங்கள், மாலை 7.52

ஈசிஆர்_காற்று, போன மழைக்காலத்தில் உங்கள் கார் எந்த வண்டியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது என்று நானே எழுதட்டுமா?

ஈசிஆர்_காற்று | நீலாங்கரை | திங்கள், மாலை 8.10

அது செயின் இல்லை! டர்போவிலிருந்து காற்று வரும் பிளாஸ்டிக் குழாய் வெடித்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ரீமேப் செய்தால் காற்றழுத்தம் ஏறும், ஆலையில் போட்ட பிளாஸ்டிக் குழாய் அதைத் தாங்காது. துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம், பிறகு கார் மாட்டு வண்டிபோல நகரும். அலுமினியக் குழாய் போட்ட பிறகு தொல்லையில்லை. எந்த ஆண்டு எஃப்30 (உங்கள் 2013, 2017 இரண்டும் அந்தத் தலைமுறைதான்) வாங்கினாலும் ரீமேப்புக்கு முன்பே அந்தக் குழாயை மாற்றுங்கள். இன்டர்கூலரும் அப்படித்தான். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மூன்று முறை மிதித்தால் நாலாவது முறை எஞ்சின் தானே பின்வாங்கிவிடுகிறது. உள்ளே போகும் காற்று சூடாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. மென்பொருள் போடுகிறவரிடம் நீங்கள் எப்போதும் ஊற்றப்போகும் பெட்ரோலைச் சொல்லி அதற்கே எழுதச் சொல்லுங்கள். அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிவிட்டுக் குறைந்த ஆக்டேன் ஊற்றக் கூடாது.

பட்டறைவாசி சொன்னதால் எழுதவில்லை, நானே எழுத நினைத்ததுதான்.

புறவழிச்சாலை | பூந்தமல்லி | திங்கள், இரவு 9.40

டெல்லியில் டீசல் 320டி தண்ணீர் விலைக்குக் கிடைக்கிறதே? பத்து வருட டீசலுக்கு அங்கே வந்த தடைக்குப் பயந்து தள்ளிவிடுகிறார்கள். அதை வாங்கி ரீமேப் செய்தால்?

பட்டறைவாசி | அம்பத்தூர் | திங்கள், இரவு 9.58

வேண்டாம். அந்த வயது 320டியில் என்47 டீசல். அதில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொட எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும்.

நிதானம்60 | மயிலாப்பூர் | செவ்வாய், காலை 5.35

தம்பி எட்டாம்கியர், நான் சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகு அங்கேயும் போனேன். வேகம் எனக்குப் பகையில்லை என்பதற்காகச் சொல்கிறேன், கிழவன் தடை போடுகிறான் என்று நினைக்க வேண்டாம்.

மூன்று நாளாக ஆண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். சட்டத்துக்கும் ஆண்டுகள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. ஒவ்வொன்றுக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது 2012இலேயே போயிற்று.

எக்ஸாஸ்ட் சத்தம் எல்லோரையும் காட்டிக்கொடுக்கும். ராதாகிருஷ்ணன் சாலையில் இரவு பத்து மணிக்குப் போகிறவர்களை என் பால்கனியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் அதைவிடப் பெரிய விஷயம். விபத்துக்குப் பிறகு வரும் ஆய்வாளர், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் கண்டால் அதையே காரணமாக்குவார். என் மைத்துனன் மகனுக்கு நடந்தது. பிரேக்கை மேம்படுத்தியிருந்தான், காரோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. ஏழு மாதம் அலைந்தான்.

ஆகவே அதே மாடலின் மேல் வகைகளுக்குக் கம்பெனியே தந்த சக்கர அளவு, பிரேக், ஸ்டீயரிங், இருக்கை என்று தேடுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பொறுமையாக அலைந்தால் ஒரிஜினல் பாகங்கள் கிடைக்கும். அப்படிக் கிடைப்பது எந்த ஆண்டுக் காருக்கு அதிகம் என்பதும் ஒரு கேள்வி. எஃப்30க்குக் கிடைக்கும் அளவுக்கு ஜி20க்கு இன்னும் வரவில்லை. நொறுங்கினால்தானே புதுப்பேட்டைக்கு வரும்!

கோடுவாசிப்பவன் | சோழிங்கநல்லூர் | செவ்வாய், காலை 11.10

ஜி20ஐப் பற்றி ஒருவரும் சொல்லாத ஒன்று. 2020 ஜூனுக்குப் பிறகு தயாரான கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியைக் கம்பெனி பூட்டிவிட்டது. பழையபடி சாக்கெட்டில் கம்பி செருகி ரீமேப் போட முடியாது. பெட்டியைக் கழற்றி, பூட்டுத் திறப்பதற்கென்றே இருப்பவர்களிடம் அனுப்ப வேண்டியிருக்கும். பெட்டி திரும்பி வரும்வரை கார் உங்கள் வாசலில் சிலையாக நிற்கும்.

"2020 பதிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு ஆண்டு உதவாது. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைப் போட்டாலும் தயாரிப்பு தேதி தெரிந்துவிடும். 2020 மார்ச்சில் தயாரானதும் அக்டோபரில் தயாரானதும் ஒரே விளம்பரத்தில் ஒரே ஆண்டுதான். மாற்றுகிறவனுக்கு அவை இரண்டு வேறு கார்கள்.

ஆண்டு முடியும்போது தள்ளுபடியில் போகும் கார்களிலும் இதே கதைதான். உங்கள் "2013" 328ஐ, 2012இல் தயாரானதாகவும் இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை | மேற்கு மாம்பலம் | செவ்வாய், பிற்பகல் 12.30

அப்படியானால் வரம்பு தெளிவாகத் தெரிகிறது. கீழ் எல்லை 2016, எஞ்சின் மாறியது. மேல் எல்லை 2020 ஜூன், பூட்டு விழுந்தது. எட்டாம்கியரின் பணத்துக்கு இதற்குள் வருவது 2016இலிருந்து 2018 வரையிலான எஃப்30 பெட்ரோல். விளம்பரங்களில் 320ஐயும் வரும், விலை குறைவு. அதை வாங்கி ரீமேப் செய்து 330ஐ ஆக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்னும் அழுத்த விகிதம் 184 குதிரைத்திறன் 320ஐயில் 11, 330ஐயில் 10.2. உள்ளே பிஸ்டனே வேறு.

ஆறுகண்ணன் | கீழ்ப்பாக்கம் | செவ்வாய், மாலை 4.45

டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இ90, அதாவது எஃப்30க்கு முந்தைய தலைமுறை 325ஐயை இங்கே ஒருவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் அது பாடுவதைக் கேட்டவர்களுக்கு மேலே எழுதியது எல்லாம் தொழிற்சாலை அறிக்கை. எனக்குத் தெரியும், குழந்தை இருக்கை, பட்ஜெட், 15 வருடம் ஆகிவிட்ட ஆர்.சி. எல்லாம் தெரியும். பதிவாகட்டும் என்று எழுதுகிறேன்.

எட்டாம்கியர் | மடிப்பாக்கம் | சனி, இரவு 9.15

இன்று காலை அண்ணா நகர் போனேன். நீங்கள் எல்லோரும் என் காதில் உட்கார்ந்திருந்தீர்கள்.

காரின் மேல் ஒரு குறையும் இல்லை. நீலம், எனக்குப் பிடித்த அதே நீலம். தரகர் சாவி கொடுக்கும் முன்பே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏசி குளிரட்டும் என்று போட்டு வைத்தேன் சார்" என்றார். ஆர்.சி.யில் தயாரிப்பு 2012 செப்டம்பர். செயின் மாற்றிய பில் கேட்டேன். முந்தைய ஓனரிடம் இருக்கும் என்றார். அவர் எண் கேட்டேன். துபாய் போய்விட்டாராம். 2015 டிசம்பரில் கார் எங்கே இருந்தது என்று கேட்டபோது, முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

சீட் பெல்ட் சுத்தமாக இருந்தது. புத்தம் புதிதாக இருந்தது. காரின் மற்ற பெல்ட்கள் எல்லாம் வெளுத்திருக்க, ஓட்டுநர் பெல்ட் மட்டும் கடை மணத்தோடு. முன் இருக்கைத் தண்டவாளத்தில் கைபேசி விளக்கை அடித்தேன். திருகுகளுக்கு மேல் கறுப்புப் பெயின்ட், பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம்.

நன்றி சொல்லி வந்துவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட் சாலை வரைக்கும் அந்த நீலம் கண்ணிலேயே இருந்தது.

மாலையில் 2017 330ஐயைப் பார்த்தேன். நங்கநல்லூர், தனி வீடு, உரிமையாளர் ஓய்வு பெற்ற மருத்துவர். தயாரிப்பும் 2017, பில்கள் ஒரு கோப்பில் வரிசையாக. மிக்ஜாம் அன்று தெருவில் கணுக்கால் வரை தண்ணீர், கார் வீட்டுச் சரிவு மேடையில் இருந்ததாம், படம் எடுத்து வைத்திருக்கிறார். வெள்ளை நிறம். எனக்கு வெள்ளை பிடிக்காது. பத்தொன்பதுக்கு இறங்கி வந்தார். கூலன்ட் மட்டும் குறைந்திருந்தது. பட்டறைவாசி சொன்ன கூடுதானா?

மீதம் ஐந்து லட்சம். அலுமினியக் குழாய், இன்டர்கூலர், நல்ல டயர், சஸ்பென்ஷன், அவ்வளவுதான் தாங்கும். ரீமேப் அடுத்த வருடம்.

ஈசிஆர்_காற்று | நீலாங்கரை | சனி, இரவு 9.31

அடுத்த வருடமா? மூன்று மாதம் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

நிதானம்60 | மயிலாப்பூர் | சனி, இரவு 9.50

பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீக்கியாயிற்றா என்று பாருங்கள் தம்பி. மருத்துவரானாலும் பாருங்கள். சஸ்பென்ஷனைத் தாழ்த்தப்போவதாக இருந்தால், முதலில் உங்கள் மடிப்பாக்கம் தெருவின் வேகத்தடைகளை ஒரு நாள் நடந்து எண்ணிவிட்டு வாருங்கள்.

பட்டறைவாசி | அம்பத்தூர் | சனி, இரவு 10.20

கூடாக இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல மாட்டேன். முன்பணம் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் அனுமதி கேட்டுக் காரை இங்கே கொண்டு வாருங்கள், லிஃப்ட்டில் ஏற்றிவிடுகிறேன். காலையில் ஓட்டி வராதீர்கள். நங்கநல்லூரிலிருந்து வருவதற்குள் சூடாகிவிடும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் சத்தத்தைக் கேட்க முடியாது. முதல் நாள் இரவே விட்டுவிட்டுப் போங்கள். காவலாளி பத்தரை வரை விழித்திருப்பார், சாவியை அவரிடம் கொடுத்தால் போதும்.